ஒரு வண்டி எரு



வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் விதையைப் பற்றி விரிவாகச் சொல்லுவார்கள். செடியைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் சொல்லுவார்கள். எருவைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும், ‘நன்கு மட்கிய எருவை இடுக’ என்ற ஒரே தொடரோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். ‘நன்கு மட்கிய’ என்பதற்குப் பொருள் யாது? மட்கியதா, மட்காததா என்பதை வாங்குகிறவன் எங்ஙனம் அறிவது? எவ்வளவு வாங்குவது? இவற்றுக்கு விடை கிடைப்பது அரிது. அவற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று பையில் அடைத்த எருவை வாங்குவதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு கடைக்குப் போகலாம். வண்டியாக வாங்குவது அப்படியன்று. டிராக்டரின் பின்பெட்டி ஒருமுறை நிமிர்ந்து எருவை வாசலிலே கொட்டிவிட்டால், அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போக எந்த வியாபாரியும் இசைவதில்லை. மண்ணோடு கலந்துவிட்ட பிறகோ, அதைப் பிரித்தெடுக்க யாராலும் ஆகாது. ஆகவே சோதனையெல்லாம் வண்டி புறப்படுமுன்பே நடந்தாக வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் ஓர் அளவு நாடா, ஓர் இரும்புக் கம்பி, ஒரு வாளி, ஒரு தராசு, ஒரு பிடி முள்ளங்கி விதை, இவ்வளவே. பள்ளியில் படிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடமே ஒப்படைக்கலாம். பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்வார் என்பது என் எண்ணம்.

வண்டியாக வாங்கவேண்டிய தேவை எப்போது வருகிறது? புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் பாருங்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண் மேலே வந்து கிடக்கும். பல ஆண்டுகளாக இலையும் வேரும் மட்கிச் சேர்ந்திருந்த மேல்மண் அதற்கடியிலே புதைந்து போயிருக்கும். செங்கல் துண்டும் சல்லியும் காரைக் கட்டியும் நடுவே கலந்து கிடக்கும். அந்த நிலத்தில் கத்தரி நட்டால் அது சாகவும் செய்யாது, வளரவும் செய்யாது. சமையலறைக் கழிவைச் சேர்த்து நாமே எரு செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால், ஒரு குடும்பத்தின் கழிவு ஆண்டு முழுவதும் சேர்ந்து மட்கினாலும் சில கூடைகளே தேறும். நிலத்தை ஒரு முறையாவது எழுப்பி நிறுத்த வெளியிலிருந்து எரு வந்தாக வேண்டும்.

முதலில் கணக்கு. மணலையும் சல்லியையும் போல எருவையும் நம் ஊர்களில் ‘யூனிட்’ கணக்கில் விற்பதுண்டு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ‘லோடு’ என்று சொன்னாலோ அதற்கு அளவே கிடையாது. வண்டி எவ்வளவு கொள்ளுகிறதோ அவ்வளவுதான் லோடு. ஆகையால் பெட்டியின் உட்புறத்தை நாமே அளந்து பார்ப்பது நல்லது. 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி நிரம்ப இருந்தால் 99 கன அடி. ஏறத்தாழ ஒரு யூனிட். அதே பெட்டியில் எரு ஒன்றரை அடி உயரமே நிற்குமானால் 74 கன அடிதான் ஆயிற்று. நடுவே கோபுரம் போலக் குவித்து ஓரங்களைத் தாழவிட்ட வண்டி, பார்வைக்கு நிறைந்த வண்டியாகவே தோன்றும். மட்டப்படுத்திய பிறகு அளக்கவேண்டும்.

நமக்கு எவ்வளவு தேவை? பாத்தியின் பரப்பைச் சதுர அடியில் எடுத்துக்கொண்டு, எருவை எத்தனை அங்குலக் கனத்தில் பரப்பப் போகிறோமோ அதனால் பெருக்கி, 12ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். 10 அடிக்கு 10 அடி பாத்தியில் ஓர் அங்குலம் பரப்ப எட்டே கால் கன அடிக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அப்படியானால் ஒரு யூனிட் எரு இத்தகைய 12 பாத்திகளுக்குக் காணும். அதாவது 1,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் அது அரை கிரவுண்டு. வீடு போக, வழி போக, கிணறு போக, அரை கிரவுண்டுத் தோட்டம் உடையவர் எத்தனை பேர்? ஆகவே ஒரு யூனிட்டை மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

ஓர் அங்குலம் என்றது மேற்சொன்ன செத்த நிலத்துக்கு, முதல் ஆண்டுக்கு மட்டும் உரியது. காய்கறிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் இடச் சொல்லுவது வழக்கம். அந்தக் கணக்குப்படி 100 சதுர அடிப் பாத்திக்கு 23 கிலோதான் வரும். ஓர் அங்குலம் பரப்பினால் நாம் இடுவது 118 கிலோ அளவில் ஆகிறது, ஐந்து மடங்கு! எருதானே, கூடினால் என்ன கெடுதல் என்று ஆண்டுதோறும் அப்படியே கொட்டுவார்கள். கெடுதல் உண்டு. மணிச்சத்து மண்ணில் தேங்கும்; உப்பும் ஏறும். அடுத்த ஆண்டுகளில் கால் அங்குலம் போதுமானது.

இனி, நாம் கொடுக்கும் காசுக்கு என்ன வாங்குகிறோம் என்று பார்ப்போம். ஓரளவு நீரையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். நூற்றுக்கு 60 பங்கு ஈரம் உள்ள ஒரு டன் எருவில் உலர்ந்த பொருள் 400 கிலோ. ஈரம் 30 பங்கானால் உலர்ந்த பொருள் 700 கிலோ. விலை ஒன்றாக இருந்தால் எது லாபம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. எடைக்கு வாங்குகிறவர் ஈரத்தைக் கவனிக்கவேண்டும். கன அடிக்கு வாங்குகிறவர் மண் கலப்பைக் கவனிக்கவேண்டும். நல்ல எரு ஒரு லிட்டர், அரைக் கிலோ அல்லது அதற்குச் சற்று மேலாக இருக்கும். 10 லிட்டர் வாளியில் அள்ளித் தராசில் வைத்தால் ஐந்தாறு கிலோ காட்டவேண்டும். பத்துக் கிலோவைத் தாண்டினால் அதில் மண்ணோ மணலோ கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஐயம் தீராவிட்டால் ஒரு பிடியை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் கலக்கிவிட்டுப் பாருங்கள். மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதன் கனத்தைக் கண்ணாலேயே காணலாம்.

தழைச்சத்தின் கணக்கைப் பார்த்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். 100 கிலோ எருவில் அரைக் கிலோ! யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு இருப்பதால், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான யூரியாவே அந்த அரைக் கிலோவைத் தந்துவிடும். அப்படியிருக்க, வண்டி வாடகையும் கூலியும் கொடுத்து எருவை ஏன் சுமக்கவேண்டும்? மண்ணின் துகள்களை ஒட்டவைத்து உருண்டை உருண்டையாக்கும் பசையை யூரியா தருவதில்லை. களிமண்ணில் காற்றுக்கு வழிவிடுவதும், மணலில் நீரைப் பிடித்து வைப்பதும், மண்ணில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களுக்கு உணவாவதும் மட்கிய பொருளின் வேலை. அதை உரம் என்று எண்ணி வாங்குவதைவிட, மண்ணையே வாங்குகிறோம் என்று எண்ணுவது பொருந்தும்.

இப்போது, மட்குதல் என்பதற்கு வருவோம். குப்பை மட்குவதை ஓர் ஒழுங்கான தொழிலாக ஆராய்ந்து எழுதியவர்களுள் சர் ஆல்பர்ட் ஹவார்டு முதன்மையானவர். இந்தியாவுக்கு 1905இல் வந்து பூசாவில் பணியாற்றிய அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த காலத்தில், பயிர்க் கழிவையும் சாணத்தையும் கோமியம் ஊறிய மண்ணையும் சாம்பலையும் அடுக்கி, நீர் தெளித்து, உரிய காலத்தில் புரட்டிவிட்டு, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931இல் அதை நூலாகவும் வெளியிட்டார். இந்திய உழவரிடமும் சீன உழவரிடமும் கற்றதை அவர் மறைத்ததில்லை.

அந்த அடுக்குகளின் உட்பொருள் யாதெனில், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையே உள்ள விகிதம். நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கும்போது தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 அல்லது 30 பங்கு இருந்தால் அவற்றுக்கு வசதி. வைக்கோலில் அது ஏறத்தாழ 80. தென்னை நார்க்கழிவில் 100க்கு மேல். மரத்தூளில் பல நூறு. மட்க மட்கக் கரிமம் காற்றோடு கலந்து கரியமில வாயுவாகப் போய்விடுகிறது, விகிதம் இறங்குகிறது. அது 20க்குக் கீழே வந்தால் எரு முதிர்ந்தது எனலாம். நகரக் குப்பையிலிருந்து செய்த கம்போஸ்டுக்கு, 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்ட அளவுகளும் இந்த 20ஐயே எல்லையாகக் கொண்டுள்ளன.

முதிராத எருவை மண்ணில் இட்டால் நேர்வது என்ன? குவியலில் முடியாத வேலையை நுண்ணுயிர்கள் உங்கள் பாத்தியில் தொடருகின்றன. அதற்கு வேண்டிய தழைச்சத்து எருவில் போதாமையால் மண்ணில் உள்ளதை எடுத்துக்கொள்ளுகின்றன. செடி பட்டினி கிடக்கிறது, இலை மஞ்சளாகிறது. தோட்டக்காரர், ‘எரு போட்டும் மஞ்சளாகிறதே’ என்று இன்னும் கொஞ்சம் எரு போடுகிறார்! கோழி எருவில் இதற்கு மாறான குறை. தழைச்சத்து மிகுந்த அது பச்சையாக இருந்தால் அம்மோனியா எழுந்து வேரைச் சுட்டுவிடும்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மாடு வைத்திருக்கும் மூதாட்டி ஒருவரிடம் எரு கேட்டுப் போயிருந்தேன். கொட்டிலை ஒட்டிப் பெரிய குவியல் ஒன்று. சற்றுத் தள்ளி வேலியோரத்தில் சிறிய குவியல் ஒன்று.

“பாட்டி, இந்தப் பெரிய குவியலையே ஏற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டேன்.

“அது வேணாம் தம்பி. அது தையில போட்டது. உள்ள இன்னும் வைக்கோல் வைக்கோலாவே கிடக்குது. வேலியாண்ட இருக்குது பாருங்க, போன வருசத்துது, அத எடுத்துக்குங்க.”

“அது பாதிகூட இல்லையே?”

“எரு ஆனா பாதிதான் இருக்கும்” என்றார், நான் கேட்டது ஒரு கேள்வியா என்பது போல.

கரிமம் காற்றோடு போகிறது என்று சற்றுமுன் சொன்னேனே, அதைத்தான் அந்த அம்மையார் சொன்னார். முதிர்ந்த எருவுக்குக் கூடுதல் விலை கேட்டால் பேரம் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கும் பச்சை எரு இரண்டு வண்டி, உங்கள் வீட்டில் மட்கிய பிறகு ஒரு வண்டிதான்.

முதிர்ச்சியைச் சோதிக்கும் வழிகளுள் முதலாவது சூடு. கம்பியைக் குவியலின் நடுவுக்குப் போகும்படி செருகி, பத்து நிமிஷம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூடு கெட்டதன்று. குவியல் சில நாள்களாவது 55 பாகை செல்சியசுக்கு மேல் காய்ந்திருந்தால்தான் களை விதையும் நோய்க் கிருமியும் மடியும். ஆனால் காய்ந்து தணிந்த பிறகே அது தோட்டத்துக்கு உரியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. குளிர்ந்த குவியலெல்லாம் முதிர்ந்தது அன்று. ஈரம் வற்றியதால் வேலை நின்றுபோன குவியலும் குளிர்ந்துதான் இருக்கும். ஒரு கூடை எருவைக் கொண்டுவந்து, நீர் தெளித்து ஒரு பாலிதீன் பையில் கட்டி மூன்று நான்கு நாள் நிழலில் வைத்துப் பிரித்தால் உண்மை தெரிந்துவிடும். முதல் மழைக்குப்பின் எழும் மண்வாசனை வந்தால் நல்லது. மூக்கை அரிக்கும் நெடியோ, அழுகிய முட்டையின் நாற்றமோ, புளித்த வாடையோ வந்தால் அது இன்னும் பக்குவப்படவில்லை.

கடைசிச் சோதனை விதை. இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எருவும் மண்ணும் சரிபாதி. மற்றொன்றில் மண் மட்டும். இரண்டிலும் இருபது இருபது முள்ளங்கி விதையை ஊன்றி ஒரு வாரம் பாருங்கள். மண்ணில் பதினெட்டு முளைத்து, எருவில் பத்தே முளைத்தால், அல்லது முளைத்தவற்றின் வேர் நுனி கருகியிருந்தால், அந்த எருவில் பச்சையோ உப்போ மிகுந்திருக்கிறது. இது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையின் எளிய வடிவமே அன்றி வேறன்று.

எருவின் வகைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல இடமில்லை. தொழு உரம் எல்லாவற்றுக்கும் பொது. ஆட்டெரு வீரியம் மிகுந்தது, அளவோடு இடவேண்டும். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடிக்கும். மட்கவைத்து, உப்புப் போகக் கழுவியதாக இருக்கவேண்டும். மண்புழு உரத்தை வண்டியாக வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு.

நகரக் கம்போஸ்டைப் பற்றி மட்டும் நின்று ஒரு சொல். ஊர்க் குப்பை எருவாகித் திரும்ப மண்ணுக்கே போவதைக் காட்டிலும் நல்ல செயல் இல்லை. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. பிரித்த குப்பையில் செய்த எருவைத் தயங்காமல் வாங்கலாம். பிரிக்காத குப்பையில் செய்ததாயின், கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் இருக்கும். மின்கலமும் சாயமும் மட்கியதால் ஈயம் முதலிய உலோகங்களும் இருக்கக்கூடும். கண்ணாடியைச் சல்லடை பிடிக்கும், ஈயத்தைப் பிடிக்காது. கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்பது மேற்சொன்ன ஆணையின் எல்லை. ஆய்வுச் சான்று உண்டா என்று கேட்க வெட்கப்படவேண்டாம். கீரை போடும் பாத்திக்கு வாங்குகிறவர் கேட்டே ஆகவேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் விருந்தாளிகளும் வண்டியோடு வருவதுண்டு. வெள்ளையாய், பருத்து, பிறைபோல் வளைந்து கிடக்கும் புழுக்களை எருவில் கண்டால், அவை காண்டாமிருக வண்டின் இளம்பருவமாக இருக்கலாம். அவை மட்கும் பொருளைத் தின்பனவே அன்றிச் செடியின் வேரைத் தின்பன அல்ல. ஆனால் வளர்ந்து வண்டாகிப் பறந்தவுடன் தென்னையின் குருத்தைத்தான் தேடிப்போகும். விரிந்த மட்டையில் கத்தரித்தது போன்ற முக்கோண வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த வண்டின் வேலை. தென்னை நிற்கும் வீட்டில் புழுவைப் பொறுக்கி அழிக்காமல் எருவை உள்ளே விடக்கூடாது. கோரைக் கிழங்கும் பார்த்தீனிய விதையும் இப்படியே வந்து சேருகின்றன. எருக்குவியலைச் சுற்றிப் பார்த்தீனியம் பூத்து நின்றால் விலை கேட்காமலே திரும்பிவிடுவது நன்று.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி ஒன்றின் கதையைப் பிற நாடுகள் சொல்லுகின்றன. அமெரிக்காவில் ஸ்போக்கேன் நகரத்துக் கம்போஸ்டில், புல்தரைக்குத் தெளித்த குளோபைராலிட் என்னும் களைக்கொல்லி 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. 2008இல் பிரிட்டனில் எரு வாங்கி இட்ட தோட்டங்களில் தக்காளியும் அவரையும் உருளைக்கிழங்கும் இலை சுருண்டு நின்றன. மேய்ச்சல் நிலத்தில் தெளித்த அமினோபைராலிட் புல்லின் வழியே மாட்டின் வயிற்றுக்குள் சென்று, அங்கும் அழியாமல், சாணத்தோடு வெளிவந்து எருவிலும் தங்கியிருந்தது. அந்த மருந்தின் விற்பனை அந்த ஆண்டே அங்கு நிறுத்திவைக்கப்பட்டது. களைக்கொல்லிகளில் பல, குவியலின் சூட்டிலேயே சிதைந்துவிடும். இவை சிதையாத வகை. முள்ளங்கியோடு நாலு அவரை விதையையும் எருத் தட்டில் ஊன்றி மூன்று வாரம் விட்டுவைத்தால், இலை கிண்ணம்போல் குவிகிறதா என்பது தெரிந்துவிடும்.

எல்லாச் சோதனையும் தேறி வண்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொட்டும் இடம் நிழலாக, மழைநீர் தேங்காத மேடாக இருக்கட்டும். மரத்தின் அடியில் முட்டுக்கொடுத்துக் குவிக்கவேண்டாம். வெயில் தழைச்சத்தைப் போக்கும். மழை சாம்பல் சத்தைக் கரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும். தென்னங்கீற்றோ பழைய தார்ப்பாயோ போட்டு மூடி, காற்றுக்கு ஓரத்தில் இடைவெளி விடுங்கள். ஆடியில் விதைக்கிறவர் ஆனியிலேயே எருவை வாங்கிவிடுவது உத்தமம். முதிர்ச்சியில் சிறு குறை இருந்தாலும் அந்த மாதத்தில் அது தீர்ந்துவிடும். பங்குக்கு வாங்கிய வீட்டார் கூடைக் கணக்கில் அளந்து எடுத்துக்கொள்ளட்டும். கூடை ஒன்று எத்தனை லிட்டர் கொள்ளும் என்று முதலில் தண்ணீர்க் குடத்தால் அளந்து, மறக்காமல் சுவரில் கரியால் எழுதிவைத்துவிடுங்கள்.